வீட்டாரைக் கேட்டு வீடு வரைந்தவர்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே வீடு ஒன்று எழும் முறையை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகின்றேன். காணிக்காரர் முதலிற் சாத்திரியாரிடம் போய் நிலையம் பார்ப்பார். பின்னர் மேசனை அழைப்பார். இருவரும் வளவில் நின்று தடியால் மண்ணிற் கோடு கிழித்து அறைகளை வகுப்பர். அத்திவாரம் வெட்டும் நாள் நெருங்கும்போதுதான் பிரதேச சபையின் நினைவு வரும். உடனே படவரைஞர் ஒருவரைத் தேடிப் பிடித்து, மண்ணிற் கீறிய வீட்டைத் தாளிற் கீறுவித்து, அனுமதிக்கு அனுப்புவர். இவ்வாறாக, வரைபடம் என்பது வீட்டுக்காக அன்றி அனுமதிக்காகவே பிறக்கும் பொருளாகி விட்டது.

வீடு கட்டுவோருக்கும் அதனை வரைவோருக்கும் இடையே இருக்கவேண்டிய உறவு யாது? இவ்வினாவுக்குத் தம் தொழில் வாழ்வையே விடையாக்கிய ஈழத்துப் பெண்மணி ஒருவர் உண்டு. அவரே கண்டியைச் சேர்ந்த மினெற் டி சில்வா. அவருடைய பெயரைக் கட்டடக் கலை பயில்வோர் உலகெங்கும் அறிவர்; நம்மவருள் அறிந்தோர் சிலரே. ஆதலால் அவர் வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொல்ல விரும்புகின்றேன்.

பெற்றோரும் பிறப்பும்

1918 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி கண்டியிலே மினெற் பிறந்தார். தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா வழக்கறிஞர். இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவராயும் அரசாங்க சபையிலே சுகாதார அமைச்சராயும் விளங்கியவர். தாயார் அக்னஸ் நெல் பறங்கியர் குலத்தவர், கிறித்தவர். இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி டொனமூர் ஆணைக்குழுவின் முன்னே வாதாடிய அணியின் முன்னணியில் நின்றவர் இவ்வம்மையாரே. தோட்டங்களில் உழைக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் அவ்வுரிமை வேண்டுமா என்று ஆணையாளர்கள் வினவியபோது, அவர்களும் பெண்களே என்று தயங்காது விடை பகர்ந்தவர். 1931 இல் இந்நாட்டிற் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்படுவோரைக் கேளாமல் அவர்களுக்காக எவரும் தீர்மானிக்கலாகாது என்னும் கொள்கை மினெற் வளர்ந்த வீட்டிலேயே வேரூன்றியிருந்தது. மகள் அதனைப் பின்னர் கல்லிலும் மரத்திலும் எழுதிக் காட்டினார்.

முதல் அனுமதி

கட்டடக் கலை கற்கவேண்டும் என்பது மினெற்றின் அவா. அக்காலத்தில் இலங்கையில் அதற்கு இடமில்லை. பெண்ணொருத்திக்கு இத்தொழில் எதற்கு என்று உற்றார் தடுத்தனர். தந்தையாரோடும் தாய்வழி உறவினரோடும் போராடியே அவர் பம்பாய் சென்றார். அங்கே இந்தியாவின் முதற் பெண் கட்டடக் கலைஞராக மதிக்கப்படும் பெரின் மிஸ்திரியின் அலுவலகத்திலே தொழில் பழகினார், சேர் ஜே. ஜே. கலைக்கல்லூரியிலும் சேர்ந்தார். 1942 இல் காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து மாணவர் கிளர்ந்தெழுந்தபோது தாமும் ஊர்வலத்தில் நடந்தார். மன்னிப்புக் கேட்டாற் படிப்பைத் தொடரலாம் என்ற நிலை வந்தது. கேட்க மறுத்தார், கல்லூரியினின்றும் நீக்கப்பட்டார்.

நீக்கம் நன்மையாகவே முடிந்தது. ஜெர்மனியிலிருந்து புகலிடந் தேடி வந்து மைசூர் அரசின் கட்டடக் கலைஞராகப் பணிபுரிந்த ஒட்டோ கெனிக்ஸ்பேர்கர் என்பாரிடம் அவர் வேலைக்கு அமர்ந்தார். வெப்ப நாடுகளிலே வீடு காற்றையும் நிழலையும் கொண்டே குளிர வேண்டும் என்பதை உலகுக்கு எடுத்துரைத்த அறிஞர் அவர். அவரிடம் பயின்றபோது ஜம்ஷெட்பூர் நகரத் திட்டத்திலும் மினெற் உழைத்தார். போர் முடிந்த பின்னர் இலண்டன் சென்று படிப்பை நிறைவு செய்தார். 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகம் அவரை உறுப்பினராக ஏற்றது. ஆசியப் பெண்ணொருவர் அத்தகுதி பெற்றது அதுவே முதன்முறை. அதற்கு முந்திய ஆண்டு பிரிஜ்வோட்டரிலே நடந்த நவீன கட்டடக் கலைஞர் மாநாட்டில் லெ கொபூசியேயோடு ஏற்பட்ட நட்பு, 1965 இல் அப்பேரறிஞர் மறையும் வரை கடிதங்களாற் தொடர்ந்தது.

மலைச் சரிவில் ஒரு வீடு

சுதந்திரம் பெற்ற நாட்டுக்குத் திரும்பி வந்து தொண்டாற்றுமாறு தந்தையார் வற்புறுத்தினார். 1949 இல் மினெற் கண்டி மீண்டு, தம் இல்லமாகிய சென் ஜோர்ஜஸ் என்னும் மனையிலேயே அலுவலகம் தொடங்கினார். முதற் பணியை அளித்தோர் பெற்றோரின் நண்பர்களாகிய கருணாரத்தின குடும்பத்தினர். காணியோ செங்குத்தான மலைச் சரிவு. மண்ணை வெட்டிச் சமப்படுத்தி அதன்மேற் பெட்டி போன்ற வீட்டை வைப்பதே அந்நாள் வழக்கம். மினெற் அவ்வாறு செய்யவில்லை. சரிவை அப்படியே ஏற்று, படிப்படியாக இறங்கும் தளங்களாக வீட்டை அமைத்தார். கொங்கிறீற்றும் கண்ணாடியும் ஒருபுறம். உள்ளூர்க் கருங்கல்லும் மரமும் மறுபுறம். தும்பறைப் பாய் நெசவாளரையும், அரக்கு வேலைக்காரரையும், சுடுமண் ஓடு வனைவோரையும் பணியில் இணைத்தார். சுவரோவியத்துக்கு ஜோர்ஜ் கீற் வந்தார். 1951 இல் முடிவுற்ற இவ்வீடு, இந்நாட்டிலே பெண்ணொருவர் வரைந்த முதற் கட்டடமாகும்.

வீடு எழும்போது ஊரார் அதிசயித்தனர்; ஐயுற்றோரும் பலர். ஒப்பந்தகாரரும் அதிகாரிகளும் தனித்து நின்ற பெண்ணொருத்தியின் சொல்லை எளிதில் நம்பவில்லை என்பதையும், தம் தொழிலை அவர்கள் பொருட்படுத்தவில்லை என்பதையும் பிற்காலத்தில் அவர் தம் வாழ்க்கை நூலிலே மனம் நொந்து எழுதியிருக்கின்றார். ஆயினும் தளரவில்லை. கொழும்பிலே அடுத்து அமைத்த பீரிஸ் இல்லத்தில் மாடியைத் தூண்கள் தாங்க, நடுவே முற்றம் வைத்தார். சிங்கள மரபு வீட்டின் மிதுலை என்னும் அம்முற்றம், நமது நாற்சார் வீட்டு முற்றத்தின் உடன்பிறப்பே ஆகும். நவீனமும் மரபும் பகைவரல்ல என்ற இக்கருத்தை மேலைநாட்டார் 1980 களிலே பெருங் கோட்பாடாக வகுத்தனர். மினெற் அதனை மூன்று பத்தாண்டுகளுக்கு முன்பே கட்டிக் காட்டியும், மார்க் என்னும் பம்பாய்ச் சஞ்சிகையில் எழுதியும் இருந்தார்.

வினாக்கொத்தோடு வந்த கலைஞர்

என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது அவர் கண்டியை அடுத்த வட்டபுளுவையில் ஆற்றிய பணி. 1950 களின் நடுப்பகுதியில், அரசாங்க ஊழியருக்கென இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட குடியிருப்பொன்றை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பல இனத்தவர், பல மதத்தவர், பல வருமானத்தவர் ஆகியோர் அங்கே குடியேற இருந்தனர். ஒரே வரைபடத்தை இருநூறு முறை அச்சிட்டு முடித்திருப்பின் எவரும் குறை கூறியிரார். அவர் செய்ததோ வேறு. வினாக்கொத்துத் தயாரித்துக் குடும்பங்களுக்கு அனுப்பினார். அவர்களோடு கூடிப் பேசினார். எத்தனை பேர் வாழ்வர், எவ்வாறு சமைப்பர், எங்கே வழிபடுவர் என்றெல்லாம் அறிந்தார். சில மாதிரிகளை வகுத்து, அவற்றை அவரவர் தேவைக்கும் பணத்துக்கும் காணியின் சரிவுக்கும் ஏற்ப மாற்றினார். இயன்றவரை மரங்களையும் நிலத்தின் இயல்பையும் காத்தார். 1958 அளவிலே குடியிருப்பு நிறைவெய்தியது.

பொருளுள்ளவர் கட்டடக் கலைஞரை அமர்த்துவது புதிதன்று. சிறு சம்பளக்காரரும் தம் வீட்டைப் பற்றித் தாமே சொல்லும் உரிமை உடையர் என்பதை ஒரு கலைஞர் நடைமுறையாக்கியதே புதிது.

வன்னிக்கு இதனால் என்ன?

2009 இற் போர் முடிந்த பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களுக்கு மீண்ட குடும்பங்கள் பல, கூரையும் சுவரும் இழந்த வளவுகளையே கண்டன. இந்திய அரசின் உதவியுடன் அமைந்த 50,000 வீடுகள் திட்டத்திலே புது வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. பணம் கட்டங் கட்டமாகக் கையில் வர, வீட்டுக்காரரே கட்டுவிப்பவராயினர். நான் கண்ட அளவில், வீட்டுத் தலைவியைக் கேட்டு வரைந்த இடங்களிலே குசினி காற்றின் கீழ்ப்பக்கம் அமைந்தது. சோளகக் காற்றுப் புகையை வெளியே கொண்டுபோனது. கேளாமல் வரைந்த இடங்களிலே, வீடு குடிபுகுந்த சில வாரங்களுக்குள் பின்புறத்தில் ஓலைக் கொட்டில் ஒன்று முளைத்தது. உள்ளே கட்டிய குசினி விறகு அடுக்கும் இடமாயிற்று.

2016 இல் வடக்கு, கிழக்கிலே 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தும் யோசனை எழுந்தது. அவை நமது வெப்பத்துக்கு ஒவ்வா, பிள்ளைகள் பெருகும்போது அறை சேர்க்க இடந்தரா, உள்ளூர் மேசனுக்கும் தச்சருக்கும் வேலை தரா எனப் பொறியியலாளரும் கட்டடக் கலைஞரும் பொதுமக்களும் எதிர்த்தனர். கல்வீடுகளே வேண்டும் என்றனர். அறுபது ஆண்டுகளுக்கு முன் வட்டபுளுவையில் எழுந்த அதே வினாவே அன்றும் எழுந்தது: வாழப்போகிறவரைக் கேட்டீர்களா?

அனுமதி என்பதும் இவ்வினாவோடு தொடர்புடையதே. 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் இவ்விடயத்தை ஆளுகின்றன. காணியின் உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம், வீட்டின் வரைபடம் ஆகியன சபைக்குப் போகும். தொழினுட்ப உத்தியோகத்தர் தலத்துக்கு வந்து பார்ப்பார். கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் உள்ள தூரம், தெருவுக்கு விடும் வெளி, அறைக்குள் வரும் வெளிச்சம் ஆகியன கவனிக்கப்படும். கட்டி முடிந்த பின்னர் இணக்கச் சான்றிதழ் பெறவேண்டும். இவற்றை வெறுந் தொல்லை என்று கருதுவோர் நம்மிடையே பலர். கிணறு கெட்டால் நோயுறுவது நம் பிள்ளைகளே என்பதை எண்ணினால், சட்டம் கேட்பதும் நல்ல கலைஞர் கேட்பதும் பெரும்பாலும் ஒன்றே என்பது விளங்கும். ஒன்று மட்டும் சட்டம் கேளாது. இவ்வீட்டில் நீங்கள் எவ்வாறு வாழ விரும்புகிறீர்கள் என்பதே அது. அதனை வரைபவர்தாம் கேட்கவேண்டும். கேளாரேல் வீட்டுக்காரர் தாமே வலிந்து சொல்லவேண்டும்.

பிற்காலம்

1960 களுக்குப் பின் மினெற்றுக்குப் பணிகள் அருகின. தாயாரும் மறைந்தார். மினெற் ஐரோப்பாவில் நெடுங்காலம் தங்கினார். பனிஸ்ரர் பிளெச்சரின் கட்டடக் கலை வரலாற்றுப் பெருநூலுக்கு ஆசியப் பகுதிகளை எழுதினார். 1975 முதல் ஹொங்கொங் பல்கலைக்கழகத்திற் கற்பித்தார். மீண்டும் கண்டி வந்து, 1980 களின் தொடக்கத்திலே அங்குள்ள கலை நிலையத்தை வரைந்தார். இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்தது 1996 இலே. அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. 1998 நவம்பர் 24 ஆந் திகதி கண்டியிற் காலமானார். அவருடைய வாழ்க்கை நூலின் முதற்பாகம் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. வாழ்ந்த மனை பாழடைந்தது. வரைந்த வீடுகள் சிலவும் இடிக்கப்பட்டன.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே கட்டடக் கலை பயிலும் வாய்ப்பு இன்று வன்னி மாணவருக்கும் உண்டு. நம் ஆசிரியர்கள் அவர்களுக்கு இப்பெண்மணியின் வரலாற்றைச் சொல்லி அனுப்பவேண்டும். படித்து முடித்து ஊர் திரும்பும் அவ்விளைஞர், முதல் வீட்டை வரைய அமரும் முன்னர், அவ்வளவிலே சமைப்பவரிடமும் நீர் அள்ளுபவரிடமும் சென்று வட்டபுளுவை வினாக்களைக் கேட்பாராயின், மினெற் டி சில்வாவுக்கு வன்னியிலே வேறு நினைவுச் சின்னம் வேண்டியதில்லை.