ஆழிக்குமரன் ஆனந்தன்

வானம் பார்த்த பூமியில் பிறந்தவன் நான். எங்கள் நாமக்கல் பக்கத்து ஊரில் தண்ணீர் என்றால் கிணறுதான். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி மாமா என்னை நீரில் இறக்கினார். படிக்கல்லை விட்டுக் கையை எடுக்க எனக்கு ஒரு கோடை முழுவதும் ஆயிற்று! அத்தகைய நான் கடலை வென்ற ஒரு தமிழரைப் பற்றி எழுதப் புகுவது நண்பர்களுக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் எழுதக் காரணம் உண்டு.

விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன் 1943-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் பிறந்தார். ஈழத்தில் கடலோடிகளின் ஊராகிய வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவர். தொழிலால் வழக்கறிஞர். 1954-இலேயே தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து வழிகாட்டியிருந்தார். ஆனந்தனோ 1971-இல் அதே கடலில் இந்தியக் கரைக்கு நீந்திச் சென்று, நீந்தியே திரும்பினார். ஆன நேரம் 51 மணி. மக்கள் அவரை ஆழிக்குமரன் என்று கொண்டாடினர்.

அவர் கடலோடு நிற்கவில்லை. 1979-இல் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் 187 மணி 28 நிமிடம் இடைவிடாது மிதிவண்டி ஓட்டி 1,487 மைல் கடந்தார். 1980-இல் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். 1981-இல் நம் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் மூழ்காமல் நீரில் நிலைத்திருந்தார். கின்னஸ் நூல் அவர் பெயரைத் தாங்கியது.

அந்த மிதிவண்டிக் கணக்கை நான் வகுத்துப் பார்த்தேன். மணிக்கு எட்டு மைல்கூட இல்லை. நம் ஊர்ப் பால்காரர் அதைவிட விரைவாகச் செல்வார். ஆனந்தனின் பெருமை வேகத்தில் இல்லை, நிறுத்தாமையில் இருந்தது. ஏறத்தாழ எட்டுப் பகலும் இரவும் அவர் நிறுத்தவில்லை, அவ்வளவே.

1984 ஆகஸ்டு 6-ஆம் நாள், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். அப்போது வயது 41. பாக்கு நீரிணை வெதுவெதுப்பான கடல். கால்வாயோ கோடையிலும் குளிர்ந்தது. பெற்ற புகழ் போதும் என்று அவர் இருந்திருக்கலாகாதா என நான் பலமுறை எண்ணியதுண்டு. விடை கிடைக்கவில்லை.

ஆங்கிலத் தாளில் இரண்டாம் முறையும் தவறியபோது, படிப்பை விட்டுத் தறிக்குப் போய்விடலாம் என முடிவு செய்தேன். அந்த வாரத்தில்தான் ஆனந்தனைப் பற்றிப் படித்தேன். மறுநாள் மூன்றாம் முறைக்குப் பணம் கட்டினேன். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால், படிக்கல்லை விட்டுக் கையை எடுத்துவிட்டேன், நண்பர்களே!