வெள்ளிநாக்கு சாஸ்திரியார்

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ‘மேக் எ ரிசர்ச்’னு எழுதினா அர்த்தம் புரியும். ஆனா ஆங்கிலத்தில் ரிசர்ச்சோட சேர்ந்து வர்றது ‘டூ’ அல்லது ‘கண்டக்ட்’. கிராமர் வேற, எந்தச் சொல்லோட எது சேரும்ங்கிற காது வேற. அந்தக் காது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவங்களுக்கு மட்டும்தான் வாய்க்குமா? இல்லைன்னு காட்டிய ஒருத்தர் நம்ம சிதம்பரத்தில் துணைவேந்தராக இருந்தார்.

வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1869இல் கும்பகோணம் பக்கத்து வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தார். 1888இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். மாயவரத்திலும் சேலத்திலும் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியரானார். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915இல் கோகலே இறந்ததும் அதன் தலைவரானார். ஜெனீவா, வாஷிங்டன், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று போய் இந்தியர்களுக்காகப் பேசினார். அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டு வெள்ளைக்காரர்களே அசந்துபோனதால் கிடைத்ததுதான் ‘வெள்ளிநாக்கு’ என்ற பெயர்.

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அந்த 1940லதான் காந்தியின் சுயசரிதை ஆங்கிலத்தில் திருத்திய பதிப்பாக வந்தது. குஜராத்தியிலிருந்து மொழிபெயர்த்த மகாதேவ தேசாய் நல்ல ஆங்கிலம் தெரிந்தவர். இருந்தும் இன்னொரு கண் வேண்டியிருந்தது. வரிவரியாகத் திருத்திக் கொடுத்தவர், தன் பேர் எங்கேயும் வரக்கூடாது என்று நிபந்தனை போட்டார். முன்னுரையிலும் பேர் இல்லை. அவர் சாஸ்திரியார் என்பது பின்னால்தான் வெளியே தெரிந்தது. அரசியலில் காந்தியின் ஒத்துழையாமையை எதிர்த்தவர் அவர். நட்புக்கு அது தடையாகல.

ஒரு நெருடலும் உண்டு. அதே 1940இல் சென்னை அரசு அமைத்த கலைச்சொல் குழுவுக்கு அவர்தான் தலைவர். அது வடமொழிப் பக்கம் சாய்கிறது என்று தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆங்கிலத்தில் அவ்வளவு கூர்மையான காது, தமிழுக்கு ஏன் அப்படித் திறக்கலங்கிற கேள்வி இன்னும் நிக்குது. 1946 ஏப்ரலில் காலமானார்.

பிறமொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதும்போது தெரிந்த சில தொடர்களையே திரும்பத் திரும்பப் போடுறாங்கன்னு மொழியியலாளர்கள் எண்ணிப் பார்த்துச் சொல்றாங்க. வலங்கைமான் பையனுக்கு வழிகாட்டியது படிப்பும், பாடம் நடத்திய வருஷங்களும்தான். அடுத்த தடவை ஒரு பேப்பர் படிக்கும்போது புதுச் சொல்லை மட்டும் குறிச்சுக்காதீங்க. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நிக்கிற சொல்லையும் சேர்த்துக் குறிச்சுக்கோங்க.