ரயில்வேயில் தொழில் கற்று விமானக் கம்பெனியை ஆண்ட சர் எரிக் கெட்டிஸ்

ஆக்ராவில் பிறந்து, இமயமலை அடிவாரத்தில் ரயில்வே வேலை கற்று, இங்கிலாந்தையும் இந்தியாவையும் ஆகாய மார்க்கமாக இணைத்த கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர் சர் எரிக் கெட்டிஸ். சம்பளக்காரர்கள் அவரை மறக்காததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆட்குறைப்பு என்றாலே இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அவர் பெயர்தான் சொல்லப்பட்டது.

அமெரிக்காவில் கூலி வேலை

1875 செப்டம்பர் 26-ந் தேதி பிறந்தார். தந்தை சிவில் எஞ்சினீயர். எரிக்குக்குப் படிப்பு ஓடவில்லை. பள்ளிக்கூடம் மாறிக்கொண்டே இருந்தார். இளம் வயதிலேயே அமெரிக்காவுக்குப் போய் மரம் வெட்டினார், டைப்ரைட்டர் விற்றார், இரும்பாலையில் உழைத்தார், பால்டிமோர்–ஒஹாயோ ரயில்வேயில் பிரேக்ஸ்மேனாகவும் இருந்தார். கையில் காசில்லாமல் ஊர் திரும்பினார்.

1895-ல் இந்தியா வந்தவர், பரேலியிலிருந்து காத்கோதாமுக்கு மீட்டர் கேஜ் வண்டி ஓட்டிய ரோஹில்கண்ட்–குமாவூன் ரயில்வேயில் சேர்ந்து, போக்குவரத்து சூப்பரின்டென்டெண்ட் பதவி வரை உயர்ந்தார். மனைவியின் உடல்நிலை காரணமாக 1904-ல் இங்கிலாந்து திரும்பி, அங்குள்ள வடகிழக்கு ரயில்வேயில் சேர்ந்தார். ஒரு வண்டி எத்தனை டன் சரக்கை எத்தனை மைல் இழுத்தது என்று கணக்கெடுத்து நிர்வாகம் நடத்திய கம்பெனி அது. கூட்ஸ் பகுதித் தலைவராகி, பிறகு துணை ஜெனரல் மானேஜர் ஆனார்.

போர்க்களத்தில் ரயில் பாதை

முதல் உலகப் போரில், 1916-ல், பிரான்சில் பிரிட்டிஷ் படைக்கு வந்த குண்டுகளும் தளவாடங்களும் துறைமுகங்களில் தேங்கிக் கிடந்தன. கெட்டிஸை அனுப்பினார்கள். துறைமுகம், பெரிய ரயில் பாதை, போர்முனை வரை செல்லும் சிறிய ரயில் பாதை, சாலை ஆகியவற்றை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்து நெரிசலைத் தீர்த்தார். சிப்பாயாக இருந்திராத அவருக்கு மேஜர் ஜெனரல் அந்தஸ்தும், பிறகு கடற்படையில் வைஸ் அட்மிரல் அந்தஸ்தும் கிடைத்தன. 1917-ல் கடற்படை மந்திரியானார்.

1919-ல் பிரிட்டனின் முதல் போக்குவரத்து மந்திரி அவரே. சுமார் 120 ரயில்வே கம்பெனிகளை நான்காக இணைத்த 1921-ம் ஆண்டுச் சட்டம் அவருடைய வேலைதான்.

கெட்டிஸின் கோடரி

அதே 1921-ல் அரசாங்கச் செலவைக் குறைக்க ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் கெட்டிஸ். சுமார் 8 கோடியே 70 லட்சம் பவுனை வெட்டலாம் என்று கமிட்டி 1922-ல் சொன்னது. ராணுவமும் கடற்படையும் மட்டுமல்ல, பள்ளிக்கூடங்களும் ஆசிரியர் சம்பளமும் அதில் அடிபட்டன. ஜனங்கள் அதற்குக் கெட்டிஸின் கோடரி என்று பெயர் வைத்தனர். எதிர்ப்பு கிளம்பியதால் அரசு ஒரு பகுதியை மட்டுமே ஏற்றது.

கோடரியின் நிழல் இந்தியாவிலும் விழுந்தது. அந்தக் கமிட்டியில் உறுப்பினராக இருந்த இஞ்ச்கேப் பிரபுவே 1922-23-ல் இந்தியச் செலவுக் குறைப்புக் கமிட்டிக்குத் தலைமை வகித்தார். ரயில்வே தன் முதலீட்டுக்கு நல்ல லாபம் காட்ட வேண்டும், அதற்குச் செலவைக் குறைக்க வேண்டும் என்றது அந்தக் கமிட்டி.

ஆகாயத்திலும் டைம்டேபிள்

1924 மார்ச் 31-ல் நான்கு சிறு விமானக் கம்பெனிகளை இணைத்து இம்பீரியல் ஏர்வேஸ் பிறந்தது. பத்து வருடத்துக்கு 10 லட்சம் பவுன் அரசு மானியம். கெட்டிஸ் சேர்மன்; அன்றாட நிர்வாகம் ஜெனரல் மானேஜர் உட்ஸ் ஹம்ப்ரியிடம் இருந்தது. ஆரம்பமே தகராறு. சம்பள நிபந்தனைகளை விமானிகள் ஏற்க மறுத்தனர். ஏப்ரல் 26-ல்தான் லண்டன் க்ராய்டன் நிலையத்திலிருந்து விமானம் கிளம்ப முடிந்தது.

1929 மார்ச் 30-ல் லண்டன்–கராச்சி சர்வீஸ் தொடங்கியது. க்ராய்டனிலிருந்து பாஸல் வரை விமானம். பாஸலிலிருந்து ஜெனோவா வரை ரயில். அங்கிருந்து அலெக்சாண்டிரியா வரை கடல் விமானம். பிறகு மறுபடியும் தரை விமானம். மொத்தம் சுமார் ஒரு வாரம். ரயிலுக்குத் தண்ணீரும் நிலக்கரியும் போட வழியில் ஸ்டேஷன் வேண்டியிருந்தது போல, இந்த விமானங்களுக்கும் அடிக்கடி இறங்கி எண்ணெய் நிரப்ப இடம் வேண்டும். ஈராக் பாலைவனத்தில் ருட்பா கோட்டையையே பயணிகள் சாப்பிட்டுத் தங்கும் இடமாக்கினார்கள்.

கராச்சியில் இறங்கிய தபாலை 1932 அக்டோபர் 15 முதல் டாட்டா விமானம் பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தது. லண்டன் கடிதம் வாரக்கணக்கில் கப்பலில் கிடக்க வேண்டிய அவசியம் தீர்ந்தது.

கெட்டிஸ் அதே காலத்தில் டன்லப் ரப்பர் கம்பெனிக்கும் தலைவர். வங்காளத்தில் சாகாகஞ்ச் டயர் தொழிற்சாலை 1936-ல் திறக்கப்பட்டது அவர் நாளில்தான்.

மறைவும் மதிப்பீடும்

1937 ஜூன் 22-ல் கெட்டிஸ் காலமானார். மறு ஆண்டே காட்மன் கமிட்டி இம்பீரியல் ஏர்வேஸைக் கடுமையாகக் குறை கூறியது. விமானிகளோடு நிர்வாகம் நடந்துகொண்ட விதமும் அதில் கண்டிக்கப்பட்டது. 1940-ல் அந்தக் கம்பெனி அரசு விமானக் கார்ப்பரேஷனில் கலந்துவிட்டது.

தேங்கிய சரக்கை நகர்த்துவதிலும், சிதறிக் கிடந்த கம்பெனிகளைச் சேர்ப்பதிலும் கெட்டிஸுக்கு ஈடு குறைவு. ஆனால் டன்–மைல் கணக்கில் வராத ஊழியரின் மனக்குறையை அவரால் கடைசி வரை சரிக்கட்ட முடியவில்லை. அவர் இளமையில் வேலை பார்த்த பரேலி–காத்கோதாம் பாதை பிற்காலத்தில் இந்தியாவின் வடகிழக்கு ரயில்வேயில் சேர்ந்து அகலப்பாதையாகி, இன்றும் மலை ஏறுகிறவர்களைச் சுமந்து செல்கிறது.