கடல் கடந்து வந்த குடும்பத்தின் மூத்தவர்
அமரர் சௌமியமூர்த்தி தொண்டமான்

குளக்கோட்டு மன்னன் கோணேசர் ஆலயத்தின் தொழும்புகளுக்கென அக்கரையிலிருந்து குடிகளை வருவித்து இங்கு இருத்தினான் என்று கோணேசர் கல்வெட்டு கூறுகின்றது. தானத்தார், வரிப்பத்தார் என இன்றும் நாம் வழங்கும் பெயர்கள் அவ்வாறு வந்தவையே. வந்தேறியவர் என்று ஒருவரை ஒதுக்கும் உரிமை திருகோணமலை மண்ணில் எவருக்கும் இல்லை. இந்த எண்ணத்தோடு, பதினொரு வயதில் இந்நாட்டுக்கு வந்து எண்பத்தாறு வயது வரை வாழ்ந்த பெரியார் ஒருவரை இம்மலரில் நினைவுகூருகின்றோம்.

அமரர் சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்கள் 1913 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30 ஆம் திகதி தமிழ்நாட்டின் மூனாப்புதூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கருப்பையா அவர்கள் முன்னரே இலங்கைக்கு வந்து, தோட்டத்தில் உழைத்து, பெரிய கங்காணியாக உயர்ந்து, றம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே சொந்தமாக்கிக் கொண்டவர். 1924 இல் தந்தையிடம் வந்து சேர்ந்த சிறுவன், கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியில் கல்வி கற்றார். 1932 இல் கோதை அம்மையாரை மணந்தார். இராமநாதன் இவர்களின் புதல்வர்.

செல்வர் வீட்டுப் பிள்ளையாகவே அவர் வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆனால் 1939 இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானபோது, கம்பளைக் கிளையின் தலைமையை ஏற்றுத் தோட்டத் தொழிலாளரின் பக்கம் நின்றார். 1947 இல் நுவரெலியாத் தொகுதி மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர்.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. வாக்களித்த கைகள் வாக்கிழந்தன. 1952 இல் தொண்டமான் அவர்கள் சத்தியாக்கிரகம் நடத்தினார். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மிகுதி 1,50,000 பேரின் கதி பிற்பாடு 1974 இல்தான் தீர்மானிக்கப்பட்டது. தேயிலைச் செடியின் கீழ் பாட்டன் பாட்டியைப் புதைத்தவர்கள் பெட்டி படுக்கையுடன் கப்பல் ஏறினர். அண்ணன் அக்கரை, தங்கை இக்கரை என்று குடும்பங்கள் பிரிந்தன.

1972 மே மாதம் நமது திருகோணமலையில் தமிழர் கூட்டணி தோன்றியபோது, தொண்டமான் அவர்களின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் அதில் இணைந்தது. 1976 இல் தனிநாட்டுத் தீர்மானம் வந்தபொழுது அவர் அவ்வழியில் செல்லவில்லை. தம் மக்கள் சிங்கள ஊர்களின் நடுவே வாழ்பவர்கள் என்பதை அவர் மறக்கவில்லை. 1978 இல் அமைச்சரானார். இதனால் அவரைக் குறை கூறியோர் நம்மவரிலும் உண்டு. ஆயினும் 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வடக்கு கிழக்குக்கு வந்து நம்மோடு வாழும் குடும்பங்களைக் கேட்டால், அவர் சுமந்த பாரம் எத்தகையது என்பது புரியும்.

அவர் வாழ்வில் அடியார்களாகிய நாம் சிறப்பாக எண்ண வேண்டியது 1986 ஆம் ஆண்டுத் தைப்பொங்கல். தாம் அமைச்சராக இருந்த அரசாங்கத்தையே நோக்கி அன்று ஒரு பிரார்த்தனை இயக்கத்தைத் தொடக்கினார். தொழிலாளர் காலையில் தோட்டத்துக் கோயில்களில் கூடி வழிபட்டு, அதன் பின்னரே மலைக்கு வேலைக்குச் செல்வர். கல்லெறி இல்லை, கூச்சல் இல்லை. கோயிலில் தீபம் எரிந்தது. மலையில் கொழுந்து பறிபடாமல் நின்றது. கும்பிடுபவரைக் குற்றம் சொல்ல எவரால் முடியும்? சில நாட்களிலேயே அரசாங்கம் இணங்கியது. எஞ்சியிருந்த நாடற்றோரில் 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. 1988 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழியை மேலும் எளிதாக்கியது.

1999 ஒக்டோபர் 30 ஆம் திகதி அன்னார் இறைவனடி சேர்ந்தார். விடுபட்டிருந்தோருக்கான சட்டம் 2003 இல் வந்தது. அதைக் காண அவர் இல்லை. அவர் விட்டுச்சென்ற தலைமைப் பொறுப்பைப் பேரன் ஆறுமுகன் ஏற்றார். அவரும் 2020 இல் மறைந்தார். இன்று நான்காம் தலைமுறை அப்பணியில் நிற்கின்றது.

நம் கிராமத்துக் கோயில் சிறியது. மலையகத் தோட்டத்துக் கோயில்களும் சிறியவையே. அச்சிறு கோயில்களின் முன்றிலில் ஒன்றுகூடிக் கைகூப்பிய ஏழை மக்கள், நாற்பது ஆண்டுகளாகக் கிட்டாத உரிமையைப் பெற்றார்கள். திருவிழாவுக்கு மட்டுமன்றி, நலிந்தவருக்குத் துணை நிற்கவும் கோயிலில் கூடுவோம். எல்லாம் வல்ல கோணேசப் பெருமான் மாதுமை அம்பாளின் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக.