மானிப்பாய் வைத்தியரின் டப்ளின் நூல்

மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் புத்தகங்கள்தான் நினைவுக்கு வரும்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மாசசூசெற்ஸில் பிறந்தவர். 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். படித்தவர்கள் அரச வேலை தேடி ஊரைவிட்டுப் போனார்கள். அதனால் 1860களில் தமிழுக்கு மாறினார். அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் வைத்தியர் ஆனார்கள். மாணவர்கள் மேனாட்டு உடுப்புக்கு மாறுவதும் அவருக்குப் பிடிக்காது.

அவரது முயற்சியில் 1857இல் வெளிவந்த பிரசவ வைத்தியம், டப்ளின் வைத்தியர் மோன்செலின் நூலைத் தழுவியது. கர்ப்பம் பற்றிய மேனாட்டு அறிவு அப்போதே தமிழில் கிடைத்துவிட்டது.

1873இல் ஊர் திரும்பிய கிறீன் 1884இல் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது. அதன் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. வாரக் கணக்கு அதில் இல்லை. சிசுவின் அசைவு தெரிந்த பிறகு என்றால் உச்சத் தண்டனை 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டாகும், அவ்வளவுதான். வன்புணர்வுக்குக்கூட விலக்கு எழுதப்படவில்லை.

இந்தியாவில் 1971 முதல் தனிச் சட்டம் உண்டு. 2021 திருத்தம் சில நிலைமைகளில் 24 வாரம் வரை இடம்தருகிறது. மோன்செலின் டப்ளினிலிருந்தும் பெண்கள் நெடுங்காலம் இங்கிலாந்துக்குப் போய்வந்தார்கள். 2018 வாக்கெடுப்புக்குப் பிறகு 12 வாரம் வரை அங்கேயே வழி கிடைத்தது.

கடல் கடக்கக் கடவுச்சீட்டும் காசும் வேண்டும். வீட்டில் சொல்ல ஒரு காரணமும் வேண்டும். கிறீனோ வைத்தியர் கிராமத்திலேயே இருக்கவேண்டும் என்றுதான் தமிழில் கற்பித்தார்.