சிறைக்குள் சென்ற சீமாட்டி

லண்டன் மாநகரில் நியூகேட் என்று ஒரு பழைய சிறைச்சாலை இருந்தது. பெயரைக் கேட்டாலே நகர மக்கள் நடுங்குவார்கள். பெண் கைதிகள் அடைபட்டிருந்த பகுதிக்குள் செல்லச் சிறை அதிகாரிகளே தயங்குவார்கள். அதற்குள் துணிந்து நுழைந்தவர் எலிசபெத் பிரை அம்மையார்.

அவர் 1780-ஆம் ஆண்டு மே 21-ந் தேதி இங்கிலாந்தின் நார்விச் நகரில் பிறந்தார். தந்தை ஜான் கர்னி வங்கித் தொழில் நடத்திய செல்வர். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் அது. 1800-ல் ஜோசப் பிரை என்பவரை மணந்து லண்டனுக்கு வந்த எலிசபெத், 11 குழந்தைகளுக்குத் தாயானார்.

கண்ட காட்சி

நியூகேட் சிறையின் கொடுமையை ஒரு குவேக்கர் போதகர் வாயிலாகக் கேள்விப்பட்டு, 1813-ல் குழந்தைத் துணிகளுடன் அவர் அங்கே சென்றார். சுமார் 300 பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும் சில அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தனர். தூக்குத் தண்டனை பெற்றவளும், வழக்கு விசாரணைக்கே வராதவளும் ஓரிடத்தில் இருந்தனர். சமையல், துவையல், உறக்கம் எல்லாம் அங்கேயே. கம்பிக் கதவருகே நின்று பிச்சை கேட்டு, கிடைத்த காசைச் சிறைக்குள்ளேயே விற்ற மதுவுக்குக் கொடுத்தார்கள். சின்னத் திருட்டுக்காக உள்ளே வந்தவள், பெரிய குற்றங்களைக் கற்றுக்கொண்டு தெருவுக்குத் திரும்பினாள்.

குடும்பத் துன்பங்களால் அவரால் உடனே பணியைத் தொடர முடியவில்லை. 1815-ல் மகள் ஒருத்தியையும் பறிகொடுத்தார். அதன் பிறகே மீண்டும் நியூகேட்டுக்கு வந்தார்.

இம்முறை அவர் உபதேசம் செய்யவில்லை. குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தலாமா என்று தாய்மார்களிடமே யோசனை கேட்டார். தாய்மார்கள் மகிழ்ந்து, தங்களுக்குள் படித்த ஒருத்தியை ஆசிரியையாகத் தேர்ந்தெடுத்தனர். அவளும் ஒரு கைதிதான்! இடம் இல்லை என்று அதிகாரிகள் கைவிரித்தபோது, காலியாக இருந்த அறை ஒன்றைக் கேட்டுப் பெற்றார்கள்.

ஊர் கூடிய பணி

1817-ல் நியூகேட் பெண் கைதிகளின் நலனுக்காக மகளிர் சங்கம் ஒன்றை அம்மையார் தொடங்கினார். சங்கத்தின் விதிகள் ஒவ்வொன்றாகக் கைதிகள் முன் படிக்கப்பட்டன. அவர்கள் கை உயர்த்தி ஒப்புக்கொண்ட பிறகே அவை நடைமுறைக்கு வந்தன. சங்கப் பெண்கள் முறை வைத்து நாள்தோறும் சிறைக்கு வந்தனர். ஆஸ்திரேலியக் குடியேற்றத்துக்கு ஆடை அனுப்பிவந்த வணிகர்கள் தையல் வேலை கொடுத்தனர். கைதிகளுக்குக் கூலி கிடைத்தது. பலனைக் கண்ட நகராட்சி, மேற்பார்வைப் பெண்ணின் சம்பளத்தில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது.

நாடு கடத்தப்படும் பெண்களை விலங்கிட்டுத் திறந்த வண்டிகளில் ஏற்றி, ஊரார் கூச்சலிட, துறைமுகத்துக்குக் கொண்டு செல்வது வழக்கம். அம்மையார் மூடிய வண்டிகளை ஏற்பாடு செய்யவைத்து, தாமும் உடன் சென்றார். கப்பல் ஏறிய பெண்களுக்குத் துணித் துண்டுகளும் ஊசி நூலும் கொண்ட பை கொடுத்தனர். மாதக்கணக்கான பயணத்தில் தைத்த ஒட்டுப் போர்வையை, இறங்கிய இடத்தில் விற்றுப் பிழைப்பைத் தொடங்கலாம் அல்லவா? ராஜா என்ற கப்பலில் 1841-ல் தைத்த போர்வை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகிறது.

தோல்விகளும் சோதனைகளும்

எல்லாம் வெற்றியாக முடியவில்லை. கள்ள நோட்டு வழக்கில் மரண தண்டனை பெற்ற ஹாரியட் ஸ்கெல்டன் என்ற பெண்ணைக் காப்பாற்ற 1818-ல் அவர் பெரிதும் முயன்றார். உள்துறை அமைச்சர் சிட்மவுத் பிரபு மனம் இரங்கவில்லை. அந்தப் பெண் தூக்கிலிடப்பட்டாள். அதே ஆண்டில் நாடாளுமன்றக் குழுவின் முன் சிறைகளின் நிலை குறித்து அம்மையார் சாட்சியம் அளித்தார். பெண் கைதிகளைப் பெண்களே மேற்பார்க்க வேண்டும் என்று 1823-ல் சட்டம் வந்தது.

1828-ல் கணவரின் வங்கி முறிந்தது. குவேக்கர் சங்கம் கணவரை விலக்கி வைத்தது. ஊர் வாய் பலவாறு பேசியது. 1835-ல் நியமிக்கப்பட்ட சிறை ஆய்வாளர்களோ கைதிகளைத் தனித்தனியே அடைப்பதே நல்லது என்றனர். தொண்டு மகளிரின் வருகையையும் குறை கூறினர். தனிமைச் சிறை மனத்தை முறித்துவிடும் என்பது அம்மையாரின் உறுதியான கருத்து. வெளியே வந்து மனிதர்களோடு வாழவேண்டியவர்களை மனிதர்களிடமிருந்து பிரிப்பது எப்படிப் பயன்தரும்? ஆயினும் அரசாங்கம் தனிமைச் சிறைகளையே கட்டியது.

மறைந்த பின்னும்

1845-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி அவர் ராம்ஸ்கேட் நகரில் காலமானார். அவர் நினைவாக லண்டனில் ஹாக்னி பகுதியில் 1849-ல் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. விடுதலையாகிப் போக்கிடமின்றி நிற்கும் பெண்கள் அங்கே தங்கலாம். சிறைவாசல் தாண்டிய முதல் இரவில் தலைசாய்க்க இடம் இல்லாவிட்டால், பழைய தெருவும் பழைய கூட்டாளிகளுமே கதி என்பதை அந்த நகரம் அம்மையாரிடம் கற்றுக்கொண்டது.

நியூகேட் சிறை 1904-ல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் நீதிமன்றம் எழுந்தது. 2002 முதல் 2017 வரை இங்கிலாந்தின் 5 பவுன் நோட்டில், கைதிகளுக்கு அவர் புத்தகம் படித்துக் காட்டும் காட்சி இடம்பெற்றது. கள்ள நோட்டுக்காகத் தூக்கிலிடப்பட்ட ஹாரியட்டுக்காக மன்றாடியவரின் முகம், நல்ல நோட்டில் நாட்டு மக்கள் கையெல்லாம் தவழ்ந்தது!