ஆடம் ஆஸ்பர்னும் அவர் பெட்டியும்

நாற்பது வருஷங்களாகப் பரணிலும் நிலவறையிலும் கிடந்த ஒரு பெட்டியை மேனாடுகளில் சிலர் இப்பொழுது தேடியெடுத்துத் திறந்து வருகின்றனர். பார்வைக்கு அது தையல் மிஷின் பெட்டியைப் போன்றது. கனம் 24 ராத்தலுக்குச் சற்று மேல். மூடியைக் கழற்றிக் கீழே வைத்தால் அதுவே எழுத்துப் பலகையாகிறது. உள்ளே நடுவில் 5 அங்குலமே உள்ள சிறு திரை. அதன் இருபுறமும் பிளாப்பி என்னும் காந்தத் தட்டுகளைச் செருகுவதற்கு இரண்டு வாய்கள். 1981-ம் வருஷத்தில் வெளிவந்த ஆஸ்பர்ன்-1 என்னும் கம்ப்யூட்டர் இதுவே. கையில் தூக்கிச் செல்லத்தக்க கம்ப்யூட்டர்களுள் கடைவீதியில் முதன்முதல் வெற்றி கண்டது இதுதான் என்பது அறிந்தோர் துணிபு.

இதைச் செய்வித்த ஆடம் ஆஸ்பர்னின் பெயரோ இன்று வேறொரு காரணத்தால் வழங்கி வருகிறது. புதுச் சரக்கு கைக்கு வருமுன் அதைப்பற்றிப் பேசி, கையிலுள்ள பழஞ்சரக்கின் விற்பனையைத் தானே கெடுத்துக்கொள்ளும் மடமைக்கு ஆஸ்பர்ன் விளைவு என்று வியாபாரிகள் பெயரிட்டுவிட்டனர். ஒருவருடைய வாழ்நாள் முழுவதையும் அவருடைய ஒரே தவற்றுக்குள் அடைத்து வைப்பது நியாயமாகுமா? ஆகாது என்பதே நமது அபிப்பிராயம்.

நம் நாட்டோடு அவருக்கிருந்த சம்பந்தத்தை நேயர்களிற் பலர் அறிந்திரார். 1939-ம் வருஷம் மார்ச்சு மாதம் 6-ம் தேதி பாங்காக் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் ஆர்தர் ஆஸ்பர்ன் ஆங்கிலேயர். அந்நகரத்துச் சர்வகலாசாலையில் போதகர். தாயார் போலந்து நாட்டவர். யுத்தம் மூண்டபோது தந்தையாரை ஜப்பானியர் சிறைமுகாமில் அடைத்தனர். தாயாரும் குழந்தைகளும் அதற்கு முன்பே திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்திருந்தனர். ரமண மகரிஷியின் சந்நிதானத்தில், அருணாசல மலையடிவாரத்தில், ஆடத்தின் பிள்ளைப்பிராயம் கழிந்தது. மகரிஷியின் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதி மேனாட்டார் பலருக்கு அறிமுகம் செய்தவர் அவருடைய தந்தையாரே. பதினொன்றாம் வயதில் ஆடம் இங்கிலாந்து சென்றார். 1961-ல் பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் ரசாயன எஞ்சினீயர் பட்டம் பெற்றார். 1968-ல் அமெரிக்காவின் டெலவேர் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் பெற்றார். பிறகு ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் சில காலம் உத்தியோகம் பார்த்தார்.

அந்த உத்தியோகம் அவருக்கு ஒத்துவரவில்லை. கம்ப்யூட்டரைச் செய்கிறவர்கள் அதைப்பற்றி எழுதுவது படிக்கிறவனுக்குப் புரிவதில்லை என்பதை அவர் கண்டார். 1972-ல் எளிய நடையில் விளக்க நூல்கள் எழுதித் தரும் ஒரு கம்பெனியைத் தொடங்கினார். சிறு கம்ப்யூட்டர்களுக்கு ஓர் அறிமுகமாக அவர் எழுதிய நூல் அத்துறையில் புகுந்த இளைஞர் பலருக்குப் பாடப் புஸ்தகமாயிற்று. 1977-க்குள் அவர் கம்பெனியின் ஜாபிதாவில் 40 நூல்கள் இருந்தன. 1979-ல் அதை மக்ரா-ஹில் கம்பெனியார் விலைக்கு வாங்கிக்கொண்டனர். பத்திரிகைகளிலும் அவர் எழுதி வந்தார். இயந்திரம் விற்போரின் வீண்பெருமைகளைக் கூசாமல் கண்டித்த பேனா அது. அப்படிக் கண்டித்தவரே பின்னர் இயந்திரம் விற்கப் புகுந்தார் என்பதை ஏளனம் செய்தவர்களும் உண்டு. குற்றம் கூறுவதோடு நில்லாமல் செய்து காட்டவும் முன்வந்த துணிவை நாம் ஏளனம் செய்யமாட்டோம்.

லீ பெல்சென்ஸ்டைன் என்ற நிபுணரைக் கொண்டு அவர் அந்தப் பெட்டியை வகுத்தார். ஆகாயவிமானத்தில் ஆசனத்தின் அடியில் அது அடங்க வேண்டும் என்பது நிபந்தனை. யாவற்றிலும் சிறந்ததாயிராவிட்டாலும், பெரும்பாலோருக்குப் போதுமானதாயிருந்தால் சாலும் என்பது அவருடைய கொள்கை. விலை 1,795 டாலர். கடிதம் எழுதவும், கணக்குப் போடவும் வேண்டிய புரோகிராம்களைத் தனியே வாங்கினால் ஏறக்குறைய 1,500 டாலர் செலவாகும். அவற்றை அந்த விலைக்குள்ளேயே சேர்த்துக் கொடுத்தார். கம்ப்யூட்டரைச் சாமானியன் கைக்குக் கொண்டுவந்தது பெட்டியின் கைப்பிடி அன்று, இந்த ஏற்பாடே என்று நாம் கருதுகிறோம். விற்பனை ஓங்கிய மாதங்களில் 10,000 பெட்டிகள் வரையில் போயின.

1983-ம் வருஷத் தொடக்கத்தில் எக்ஸிக்யூட்டிவ் என்னும் புதிய மாதிரியைப்பற்றிய பேச்சு வெளியாயிற்று. கடைக்காரர்கள் பழைய மாதிரிக்கு ஆர்டர் கொடுப்பதை நிறுத்தினர் என்பதே வழங்கும் கதை. செப்டம்பர் மாதத்தில் கம்பெனி திவாலாயிற்று. பேச்சால் நேர்ந்த கேட்டை நாம் மறுக்கவில்லை. ஆனால் கேய்ப்ரோ என்ற போட்டிக் கம்பெனி அதே விலைக்கு 9 அங்குலத் திரையுள்ள பெட்டியைக் கொண்டுவந்திருந்தது; காம்பாக் கம்பெனியோ ஐ.பி.எம். இயந்திரத்துக்கு இணங்கிய பெட்டியைச் செய்துவிட்டது. ஆஸ்பர்னின் கம்பெனியில் நிர்வாகமும் வளர்ச்சியின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. இத்தனையையும் விட்டுவிட்டு ஒருவருடைய வாயின்மீது மட்டும் பழி சுமத்துவது எளிது.

பெட்டியையே சாட்சிக்கு அழைப்போம். நெடுங்காலம் கிடந்ததை எடுத்த எடுப்பில் மின்சாரத்தில் மாட்டலாகாது. மின்சாரம் உட்புகும் இடத்திலுள்ள காகிதக் கண்டென்ஸர்களின் மேலுறை வெடித்து ஈரம் ஏறியிருக்கும். மாட்டிய சில நிமிஷங்களில் புகையும் நாற்றமும் கிளம்பும். ஆகவே அவற்றைப் பெயர்த்துவிட்டுப் புதியன பற்றவைக்கிறார்கள். பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக் கூடுமாதலால் அங்கே கைவைக்க அஞ்சுகிறார்கள், அஞ்சவும் வேண்டும். சாக்கெட்டுகளில் உள்ள சில்லுகளை மெல்ல நெம்பியெடுத்து, கால்களில் ஏறிய களிம்பைத் துடைத்து, மீண்டும் அழுத்துகிறார்கள். தட்டைச் சுழற்றும் பாகத்தில் உறைந்துபோன மசகை வழித்து, தட்டைத் தொட்டுப் படிக்கும் முனையை ஸ்பிரிட்டால் துடைக்கிறார்கள். பூசணம் பிடித்த தட்டைச் செருகினால் முனையும் கெடும், தட்டும் சுரண்டப்படும். இவ்வளவே வேலை, பல பெட்டிகள் கண்விழிக்கின்றன. எங்கும் கிடைக்கும் சாதாரணப் பாகங்களைக் கொண்டே ஆஸ்பர்ன் அதைச் செய்வித்தமையால், கம்பெனி மறைந்த பின்னும் பாகத்துக்குப் பஞ்சமில்லை. அதன் மூளையாகிய இசட்-80 சில்லுக்கு 2024-ம் வருஷம் வரையில் ஆர்டர் ஏற்கப்பட்டு வந்தது. இன்று ஒட்டி மூடி விற்கப்படும் கைக்கருவிகளுள் எத்தனை நாற்பது வருஷங்கழித்து இப்படித் திறக்கப்படும்?

திவாலுக்குப் பின்னும் ஆஸ்பர்ன் ஓயவில்லை. 1984-ல் பேப்பர்பேக் ஸாப்ட்வேர் என்ற கம்பெனியைத் தொடங்கினார். லோட்டஸ் கம்பெனியார் 495 டாலருக்கு விற்ற கணக்குப் புரோகிராமுக்கு நிகரானதை 99 டாலருக்குக் கொடுத்தார். 1987-ல் லோட்டஸ் வழக்குத் தொடுத்தது. கட்டளை வரிசையையும் அமைப்பையும் அப்படியே எடுத்தாண்டார் என்பது குற்றச்சாட்டு. 1990-ல் பாஸ்டன் நீதிமன்றம் அவர் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இதையொத்த மற்றொரு வழக்கில், கட்டளை வரிசைக்குப் பதிப்புரிமை இல்லையென்று 1995-ல் அப்பீல் கோர்ட்டு கூறியது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் சரிபாதியாகப் பிரியவே அத்தீர்ப்பு நிலைத்தது.

அதற்குள் ஆஸ்பர்ன் களத்தை விட்டு விலகியிருந்தார். மூளையைத் தாக்கிய நோய் அடுத்தடுத்து வந்து அவரை ஒடுக்கியது. 1992-ல் அவர் கோடைக்கானலுக்குத் திரும்பினார். அம்மலையில் அவரைச் சகோதரியார் பராமரித்து வந்தார். 2003-ம் வருஷம் மார்ச்சு மாதம் 18-ம் தேதி, 64-வது வயதில், உறக்கத்திலேயே அவருடைய ஆவி பிரிந்தது.